காரில் அலாரமும் ரிமோட் ஸ்டார்ட்டரும் நாமே பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் நவம்பர் நெருங்கினாலே இந்தப் பேச்சு தொடங்கிவிடும். காலையில் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டாமல், வீட்டுக்குள் இருந்தபடியே வண்டியைச் சூடாக்கிவிட்டுப் புறப்படலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அலாரமும் ரிமோட் ஸ்டார்ட்டரும் சேர்ந்த கருவியை வாங்கித் தன் கையாலேயே பொருத்த நினைப்பவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் கீழே. சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யும் ஆட்டோமேட்டிக் கியர் பெட்ரோல் காரை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். 2010-ஐ ஒட்டி வந்த கரோலா, சிவிக் போன்றவை இந்த வகை.

மின்வேலை தெரியாத நான் இதைச் செய்யலாமா?

மல்டிமீட்டரில் வோல்ட் அளக்கத் தெரியும், சால்டரிங் செய்யக் கை பழகியிருக்கிறது என்றால் செய்யலாம். இரண்டும் இல்லையென்றால் முதலில் ஒரு பழைய ரேடியோவிலோ தூக்கிப்போட்ட வயர்க்கட்டிலோ பழகுங்கள். சொந்தக் காரை வைத்துப் பழகக் கூடாது. இரண்டு முழு நாள் கையில் இருக்க வேண்டும். மறுநாள் காலை அதே வண்டியில் வேலைக்குப் போக வேண்டியிருக்கக் கூடாது. செப்டம்பரிலோ அக்டோபரிலோ செய்துவிடுங்கள். மைனஸ் 15 டிகிரியில் டேஷ்போர்டு பிளாஸ்டிக் சட்டென்று உடையும், விரலும் மரத்துப்போகும்.

அலாரம், ரிமோட் ஸ்டார்ட்டர், இரண்டில் எது கடினம்?

ரிமோட் ஸ்டார்ட்டர்தான். அலாரம் தப்பாகப் பொருத்தப்பட்டால் நடு இரவில் அலறும், தெருவே எழுந்துகொள்ளும், அதோடு சரி. ரிமோட் ஸ்டார்ட்டர் தப்பானால் ஓட்டுநர் இல்லாத வண்டி நகரும். இந்த வேறுபாட்டை மனத்தில் ஏற்றிக்கொண்ட பிறகுதான் டேஷ்போர்டைத் திறக்க வேண்டும். வண்டியைக் கிளப்பும் வயர்களில் நமக்கு இருக்கும் ஆர்வம் அதை நிறுத்தும் வயர்களில் இருப்பதில்லை. என் பார்வையில் இந்த வேலையின் பாதி அந்த நிறுத்தும் வயர்கள்தான்.

என்னென்ன கருவிகள் வேண்டும்? டெஸ்ட் லைட் போதாதா?

டிஜிட்டல் மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், வயர் ஸ்ட்ரிப்பர், டேஷ்போர்டு உறைகளைக் கீறாமல் கழற்ற பிளாஸ்டிக் நெம்பிகள், துணி டேப், ஜிப் டை, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகள் சில, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ஐந்து கால் ரிலே ஒன்று. இவ்வளவுதான்.

டெஸ்ட் லைட் வேண்டவே வேண்டாம். அதன் பல்பு எரிவதற்குத் தேவையான மின்னோட்டம், கம்ப்யூட்டருக்குப் போகும் மெல்லிய சிக்னல் வயருக்கு மிக அதிகம். அந்த வயரில் வைத்தால் ஒரு மாட்யூலே, அதாவது வண்டியின் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியே, போய்விடலாம். மல்டிமீட்டர் வயரிலிருந்து ஏறக்குறைய எதையும் இழுப்பதில்லை. அதனால் தெரியாத வயரையும் துணிந்து அளக்கலாம், ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று எது?

ஏர்பேக். மஞ்சள் உறை போட்ட வயர்க்கட்டு, மஞ்சள் கனெக்டர் எதைப் பார்த்தாலும் கையை எடுத்துவிடுங்கள். அளக்கவும் வேண்டாம், நகர்த்திக் கட்டவும் வேண்டாம். ஸ்டீயரிங் தண்டின் கீழ்தான் நம் வேலை முழுவதும் நடக்கும். அந்த மஞ்சள் வயரும் அங்கேயேதான் ஓடும்.

எந்த வயர் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இணையத்தில் வண்ணப் பட்டியல் இருக்கிறதே?

பட்டியல் எங்கே தேடுவது என்று காட்டும், அவ்வளவுதான். அதே மாடலில் அடுத்த ஆண்டு நிறம் மாறியிருக்கும்; அமெரிக்க வண்டிக்கும் கனடிய வண்டிக்கும்கூட வேறுபடலாம். மீட்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைச் சுத்தமான பாடி எர்த்தில் பிடியுங்கள். சிவப்பு முனையைச் சாவி சுவிட்சுக்குப் பின்னால் வரும் தடித்த வயர்களில் ஒவ்வொன்றாக வைத்து, சாவியின் எல்லா நிலைகளிலும் பாருங்கள். சாவி வெளியே இருந்தாலும் 12 வோல்ட் காட்டுவது பேட்டரி வயர். பல வண்டிகளில் இது இரண்டு இருக்கும். ‘ஆன்’ நிலையில் 12 காட்டி, செல்ஃப் அடிக்கும்போதும் விடாமல் இருப்பது இக்னிஷன். ‘ஏசிசி’ (எஞ்சின் ஓடாமல் ரேடியோ மட்டும் பாடும் சாவி நிலை), ‘ஆன்’ இரண்டிலும் 12 காட்டி, செல்ஃப் அடிக்கும் நொடியில் பூஜ்யத்துக்கு விழுந்து, பிறகு திரும்பி வருவது அக்சசரி. ‘ஆனில்’ மட்டும் வந்து செல்ஃபில் விழும் இன்னொன்றும் இருக்கலாம். ஹீட்டர் ஊதி பெரும்பாலும் அதில்தான் ஓடும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் 12 காட்டுவது ஸ்டார்ட்டர் வயர். சில வண்டிகளில் ஸ்டார்ட்டர் வயரே இரண்டு இருக்கும். இரண்டுக்கும் மின்சாரம் கொடுத்தால்தான் எஞ்சின் பிடிக்கும்.

செல்ஃப் அடித்துப் பார்க்காமல் இக்னிஷனையும் இந்த இரண்டாவது வகை அக்சசரியையும் பிரித்தறிய முடியாது, இரண்டும் ‘ஆனில்’ ஒரே மாதிரிதான் தெரியும். மாற்றிக் கொடுத்தால் ரிமோட்டில் செல்ஃப் சுற்றும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. கண்டுபிடித்ததை உடனே காகித டேப்பில் எழுதி அந்தந்த வயரில் ஒட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து நினைவில் இருக்காது.

வயர்களை எப்படி இணைப்பது? பெட்டியோடு வந்த நீல நிறக் கிளிப் போதுமா?

வயரின் மேல் அழுத்தி மூடும் அந்தக் கிளிப்பை விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் தகடு இன்சுலேஷனை வெட்டும்போது செம்பு இழைகளில் சிலவற்றையும் வெட்டிவிடும். குளிரிலும் வெயிலிலும் சுருங்கி விரிந்து நாளடைவில் பிடி தளரும். சாவி சுவிட்ச் வயர்களில் ஓடும் மின்னோட்டத்துக்கு அந்தத் தளர்ந்த தொடர்பு சூடேறி உருகவே செய்யும்.

நான் நம்புவது சால்டரிங்கை. வண்டியின் வயரை வெட்டாமல், நடுவில் அரை அங்குலம் இன்சுலேஷனை மட்டும் நீக்குங்கள். இழைகளை இரண்டாகப் பிரித்து இடைவெளி உண்டாக்கி, புது வயரை அதில் நுழைத்து இறுக்கமாகச் சுற்றி, பற்றவையுங்கள். ஈயம் இழைகளுக்குள் ஊறிப் போக வேண்டும், மேலே உருண்டையாக நிற்கக் கூடாது. அப்புறம் துணி டேப்பால் வயரின் நெடுக்கில் சுற்றி, ஜிப் டையால் அசையாதபடி கட்டிவிடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் டேப் கோடையில் பசை கசிந்து பிரிந்துவிடும். பற்றவைக்கும்போது பேட்டரியின் மைனஸ் கேபிள் கழன்றிருக்கட்டும்.

எர்த், ஃபியூஸ் பற்றி?

எர்த் என்பது வண்ணம் சுரண்டிய வெறும் இரும்பில், வளைய முனை போட்டு, போல்ட்டால் இறுக்குவது. வண்டியில் ஏற்கனவே இருக்கும் எர்த் போல்ட் கிடைத்தால் நல்லது. டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள மெல்லிய தாங்கிகளை நம்ப வேண்டாம். அவற்றில் பல பிளாஸ்டிக்கில்தான் நிற்கின்றன. காரணம் புரியாத கோளாறு வந்தால் நான் முதலில் பார்ப்பது எர்த்தைத்தான்.

கருவியோடு வரும் பேட்டரி வயர்களில் ஃபியூஸ் இருக்கும். மின்சாரம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது அமைய வேண்டும். எல்லா இணைப்பும் முடிந்த பிறகே ஃபியூஸைச் செருகுங்கள்.

இமொபிலைசர் இருக்கும் வண்டியில் சாவி இல்லாமல் எப்படி ஸ்டார்ட் ஆகும்?

சாவியின் பிடிக்குள் ஒரு சிப் இருக்கிறது. சாவித் துளையைச் சுற்றியுள்ள வளைய ஆன்டெனா அதைப் படித்து, சரியான சிப்தான் என்று உறுதி செய்தால்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் தீப்பொறியையும் விடும். இந்த ஏற்பாடுதான் இமொபிலைசர். கனடாவில் 2007 செப்டம்பர் 1-க்குப் பிறகு விற்பனைக்காகத் தயாரான புதிய பயணிகள் கார்களில் இமொபிலைசர் கட்டாயம். அமெரிக்காவில் அப்படியொரு கட்டாயம் இல்லை. அங்கே இமொபிலைசர் இல்லாமல் விற்கப்பட்ட கியா, ஹூண்டாய் கார்கள் 2021, 2022 வாக்கில் கூட்டம் கூட்டமாகத் திருடு போனதும், கனடாவில் அதே கார்கள் அந்தத் திருட்டு முறையிலிருந்து தப்பியதும் இதனால்தான்.

ஆகவே ரிமோட் ஸ்டார்ட்டுக்கு, சாவி இல்லாதபோது அதன் இடத்தில் நின்று இமொபிலைசருக்குப் பதில் சொல்லும் பைபாஸ் மாட்யூல் தேவை. கியூபெக்கைச் சேர்ந்த ஃபோர்ட்டின், ஐடேட்டாலிங்க் இரண்டும் இங்கே பரவலாகக் கிடைக்கும். மாட்யூலை வாங்கினால் மட்டும் போதாது. உங்கள் வண்டியின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய மென்பொருளை அதில் ஏற்ற வேண்டும். பிறகு வண்டியின் சாவியை அதற்கு அறிமுகப்படுத்த வேண்டும். சில வண்டிகளுக்கு இரண்டு சாவிகள் கேட்கும். அதனால் பெட்டியை வாங்குவதற்கு முன்பே தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் வண்டிக்கான வரைபடத்தை இறக்கிப் படித்துவிடுங்கள். அதில் பூட்டு, கதவு, பிரேக், டேக்கோ (எஞ்சின் சுற்றும் வேகத்தின் சிக்னல்) எல்லாம் டேட்டா வயர் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசும் வயர்) வழியாகவே கிடைக்கும் என்று இருந்தால் பத்து வயர் வேலை மூன்று வயராகக் குறையும்.

பழைய முறை ஒன்று உண்டு: உபரிச் சாவியை ஒரு சிறு பெட்டியில் வைத்து டேஷ்போர்டுக்குள் ஒளிப்பது. வேலை செய்யும்தான். ஆனால் வண்டியின் சாவியையே வண்டிக்குள் விட்டுப் போவது திருடனுக்கு உதவி. டேட்டா பைபாஸ் கிடைக்கும் வண்டியில் அதைச் செய்யாதீர்கள்.

பானெட் சுவிட்ச், பிரேக் வயர் இரண்டையும் விட்டுவிட்டால் என்ன? இல்லாமலே வேலை செய்கிறதே?

வேலை செய்யும், அதுதான் ஆபத்து. பானெட் சுவிட்ச் இல்லாத வண்டியில் ஒருவர் எண்ணெய் அளவு பார்க்கக் குனிந்திருக்கும்போது, வீட்டுக்குள் குழந்தை ரிமோட்டை அழுத்தினால் பெல்ட்டும் ஃபேனும் அவர் கைக்கு அருகிலேயே சுழலத் தொடங்கும். பானெட் திறந்திருந்தால் வயர் எர்த்தாகி ரிமோட் ஸ்டார்ட் மறுக்கப்பட வேண்டும். அந்தச் சுவிட்சைத் தண்ணீர் வழிந்து தேங்கும் ஓரத்தில் பொருத்தாதீர்கள். சாலையில் தூவும் உப்பு ஒரே குளிர்காலத்தில் அதைத் துரு ஆக்கிவிடும்.

பிரேக் வயர், மிதியை அழுத்தினால் 12 வோல்ட் வரும் வயர். பிரேக் சுவிட்சில் எளிதாகக் கிடைக்கும். ரிமோட்டில் ஓடும் வண்டியில் யாராவது கண்ணாடியை உடைத்து ஏறி, கியர் போடப் பிரேக்கை மிதித்தால் எஞ்சின் உடனே நிற்க வேண்டும். நாம் ஏறினால்? முதலில் சாவியைச் செருகி ‘ஆனுக்கு’ திருப்பிவிட்டு, பிறகு பிரேக்கை மிதிக்க வேண்டும். வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் இந்த வரிசையைச் சொல்லிக் கொடுங்கள்.

பொருத்தி முடித்ததும் மூன்று சோதனைகள். பானெட்டைத் திறந்துவைத்து ரிமோட்டை அழுத்துங்கள், செல்ஃப் அடிக்கக் கூடாது. ஓடும்போது பிரேக்கை மிதியுங்கள், நிற்க வேண்டும். மூன்றாவது, முன்னும் பின்னும் ஆளில்லாத திறந்த இடத்தில்: கைப்பிரேக் போட்டு, சாவியை ‘ஆனில்’ வைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் கியரை ‘டி’க்குத் தள்ளி, காலைப் பிரேக் மிதிக்கு மேலே அதைத் தொடாமல் தயாராக வைத்துக்கொண்டு ரிமோட்டை அழுத்துங்கள். செல்ஃப் அடிக்கவே கூடாது. அடித்தால் உடனே மிதித்து நிறுத்திவிட்டு, ரிமோட் ஸ்டார்ட்டைத் துண்டித்துவிடுங்கள். சரிசெய்யும்வரை அதைப் பயன்படுத்த வேண்டாம். சில பழைய அமெரிக்க வண்டிகளில் நியூட்ரல் பாதுகாப்பு (கியரில் இருக்கும்போது செல்ஃப் அடிக்கவிடாமல் தடுப்பது) மின்சுற்றில் இல்லாமல் இயந்திரப் பூட்டாக இருக்கும். அவை இந்தச் சோதனையில்தான் மாட்டும்.

டேக்கோ வயர் எதற்கு?

எஞ்சின் பிடித்துவிட்டது, செல்ஃபை விடலாம் என்று கருவிக்குச் சொல்வது அது. சாவியில் ஸ்டார்ட் செய்யும்போது இதை நம் காது பார்த்துக்கொள்கிறது. இக்னிஷன் காயிலிலோ இன்ஜெக்டரிலோ இந்தச் சிக்னல் கிடைக்கும். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அளந்தால் ஐடிலில் சுமார் 1 முதல் 6 வோல்ட்வரை காட்டும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஏறும். இணைத்த பிறகு, எஞ்சின் ஓடும்போது கருவிக்கு அதைக் கற்றுக்கொடுக்கும் படியைத் தவறவிடாதீர்கள்.

அலாரம் போட்டிருக்கும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது எப்படி?

ஸ்டார்ட்டர் வயரை வெட்டி, நடுவில் ரிலே வைப்பது. இந்த வேலையில் வண்டியின் வயரை வெட்டும் இடம் இது ஒன்றுதான். ரிலேயில் 85, 86 சுருளின் முனைகள். 30 பொது முனை. ரிலே ஓய்வில் இருக்கும்போது 30-உம் 87ஏ-உம் தொட்டிருக்கும். சாவிப் பக்கத்தை 30-இலும் செல்ஃப் மோட்டார் பக்கத்தை 87ஏ-இலும் கொடுத்தால், அலாரம் விழித்திருக்கும்போது மட்டும் ரிலே இழுத்து வழியை அறுக்கும். அலாரம் பழுதானாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், நடுவழியில் நிற்க வேண்டியதில்லை.

ரிமோட் ஸ்டார்ட்டின் செல்ஃப் வயர் மோட்டார் பக்கத்தில்தான் சேர வேண்டும். சாவிப் பக்கத்தில் சேர்த்தால் நம் ரிலேயே நம் ரிமோட்டைத் தடுத்துவிடும்.

கதவு வயர்கள்?

கதவு திறப்பதை அலாரம் அறிவது இந்த வயர்களால்தான். பல ஜப்பானியக் கார்களில் கதவு மூடியிருக்க 12 வோல்ட், திறந்தால் 0. அது நெகட்டிவ் டிரிகர். சில வண்டிகளில், குறிப்பாகப் பழைய ஃபோர்டுகளில், நேர்மாறாக இருக்கும். நான்கு கதவுக்கும் தனித்தனி வயர் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டயோடு போட்டு ஒன்றாக்க வேண்டும். நெகட்டிவ் டிரிகரில் டயோடின் கோடு போட்ட முனை கதவுப் பக்கம் இருக்கட்டும். டயோடு இல்லாமல் முறுக்கினால் ஒரு கதவைத் திறந்தாலே நான்கும் திறந்ததாக வண்டி நினைத்துக்கொள்ளும்.

சைரன், அதிர்வு சென்சார், ஆன்டெனா எங்கே?

சைரன் பானெட்டுக்குள், வாய் கீழ்நோக்கி, எக்ஸாஸ்ட் சூட்டிலிருந்து விலகி. வயரை உள்ளே கொண்டுவர ஏற்கனவே இருக்கும் ரப்பர் புஷ்ஷில் வழி பாருங்கள். புதுத் துளை போட்டால் விளிம்பு வயரை அறுக்கும், தண்ணீரும் இறங்கும். சென்சாரை ஸ்டீயரிங் அருகே உள்ள இரும்புத் தாங்கியில் கட்டி, உணர்திறனைக் குறைவாக வைத்துத் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். பனி அள்ளும் லாரி போகும்போதெல்லாம் அலறும் அலாரத்தை ஒரு வாரத்துக்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஆன்டெனா முன்கண்ணாடியின் மேற்பகுதியில்.

மேனுவல் கியர் வண்டியில் போடலாமா? ஊரில் அப்பாவின் காருக்கும் ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

ஊர் வண்டிக்கு வேண்டாம் என்பேன். சரிவில் நிறுத்தும்போது முதல் கியரில் விட்டு இறங்குவது அங்கே பலருக்கும் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. அந்த நிலையில் ரிமோட் செல்ஃப் அடித்தால் வண்டி எதிரே இருக்கும் சுவரையோ ஆளையோ நோக்கித் துள்ளும். மேனுவல் வண்டிக்கென்றே செய்த கருவிகள் உண்டு. கைப்பிரேக் போட்டு, நியூட்ரலில், எஞ்சின் ஓடும்போதே சாவியை எடுத்து இறங்கி, கதவை மூடிய பிறகே அவை எஞ்சினை நிறுத்தும். பிறகு கதவு ஒருமுறை திறந்தாலும் ரிமோட் ஸ்டார்ட் ரத்தாகும். ஒவ்வொரு முறையும் இதைத் தவறாமல் செய்யும் ஒருவர் மட்டுமே ஓட்டும் வண்டி என்றால் யோசிக்கலாம். அப்பாவுக்கு நல்ல அலாரம் மட்டும் போதும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டிகள்?

அவற்றில் சாவி சுவிட்ச் வயர் வேலை குறைவு, டேட்டா வேலை அதிகம். பைபாஸ் வரைபடம் இருந்தால் செய்யலாம், இல்லையென்றால் தொடாதீர்கள். திருட்டுக்கு இங்கே அதிகம் இலக்காவதும் இந்த வண்டிகள்தான். வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை வாசலிலிருந்து நீட்டித்துத் திருடுவது ஒரு வழி. முன்விளக்கின் கனெக்டரைக் கழற்றி வண்டியின் டேட்டா வயருக்குள் போலிக் கட்டளை அனுப்பும் வழி டொயோட்டா ராவ்4-இல் நடந்தது 2023-இல் விரிவாக வெளிவந்தது. சைரனும் அதிர்வு சென்சாரும் இதைத் தடுத்துவிடாது. ஒரு சாதாரண ஸ்டீயரிங் பூட்டையும் சேர்த்துப் போடுங்கள்.

கராஜுக்குள் ஸ்டார்ட் செய்து சூடாக்கலாமா?

கூடாது. கதவைத் திறந்துவைத்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. வீட்டோடு ஒட்டிய கராஜிலிருந்து மேல்மாடிப் படுக்கையறைவரை வந்துவிடும். ஒன்டாரியோவில் கராஜ் ஒட்டிய வீடுகளுக்கு மோனாக்சைடு அலாரம் சட்டப்படி கட்டாயம். உங்களுடையது வேலை செய்கிறதா என்று இன்றே அழுத்திப் பாருங்கள். கராஜில் நிறுத்தும் நாட்களில் ரிமோட் ஸ்டார்ட்டை வேலே நிலையில் (வண்டியை வேறொருவரிடம் விடும்போது கருவியைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் நிலை) முடக்கிவையுங்கள். பாக்கெட்டில் இருக்கும் ரிமோட் தானாக அழுந்துவது நடக்கிற காரியம்தான்.

வாசலில் ஓடவிடுவதற்கும் எல்லை உண்டு. டொராண்டோ மாநகர விதி, 60 நிமிடத்தில் 1 நிமிடத்துக்கு மேல் நின்றபடி எஞ்சினை ஓடவிடக் கூடாது என்கிறது. கருவியின் ஓடும் நேரத்தைக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்திய பிறகு பேட்டரி இறங்குகிறது. ஏன்?

மைனஸ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் இடையில் மீட்டரை வைத்து, வண்டியைப் பூட்டி, அதன் கம்ப்யூட்டர்கள் உறங்க முக்கால் மணி நேரம் விடுங்கள். பிறகு மீட்டரில் மில்லிஆம்பியர் பாருங்கள். 50-க்குள் இருந்தால் சரி. அதிகம் என்றால் நம் கருவியின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பைபாஸ் மாட்யூல் டேட்டா வயரை உறங்கவிடாமல் எழுப்பிக்கொண்டிருக்கும். மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகும். ஐந்து குளிர்காலம் கண்ட பேட்டரி என்றால் குற்றம் அதனுடையதாகவும் இருக்கலாம்.

ரிமோட்டில் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறது.

இரண்டு விநாடியில் நின்றால் இமொபிலைசர் பைபாஸ் சாவியைக் கற்கவில்லை. செல்ஃப் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் இரண்டாவது இக்னிஷன் வயர் விட்டுப்போயிருக்கும். எஞ்சின் பிடித்த பிறகும் செல்ஃப் உரசினால் டேக்கோ கற்கவில்லை. எல்லாம் சரி, ஹீட்டர் மட்டும் ஊதவில்லை என்றால் இரண்டாவது அக்சசரியைத் தேடுங்கள். பல கருவிகள் நின்ற காரணத்தைப் பார்க்கிங் விளக்கின் சிமிட்டல் எண்ணிக்கையில் சொல்லும். கையேட்டில் அந்த அட்டவணையை முதலில் பாருங்கள்.

வண்டியை சர்வீசுக்கு விடும்போது என்ன செய்வது?

வேலே நிலைக்கு மாற்றிவிட்டு, ரிமோட் ஸ்டார்ட் இருப்பதை மெக்கானிக்கிடம் வாயால் சொல்லுங்கள். பானெட்டின் உள்பக்கத்தில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். அது பெட்டியிலேயே வரும். எந்த வயரை எங்கே இணைத்தீர்கள் என்ற உங்கள் கைக்குறிப்பின் நகலை வண்டியின் கையேட்டுக்குள் வையுங்கள். ரிமோட் இல்லாமலே அலாரத்தை அணைக்க ஒளித்துவைத்த பட்டன் இருக்கும் இடத்தை மட்டும் அதில் எழுதாதீர்கள்.